ஒரு மாதம் முந்தி வந்த பெரிய வெள்ளி

புக்கிட் செமந்தான் ரப்பர் தோட்டத்து உபதேசியார் அந்தோணிதாஸுக்குத் தப்பே நேராது. தோட்டத்து ஜனங்கள் அப்படிச் சொன்னதாக நினைத்துவிட வேண்டாம். அவரே சொல்வார். செபத்தில் யாராவது ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து சொல்ல வைப்பார். கல்யாண ஓலையில் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் ஓலையைத் திருப்பி அனுப்புவார். மனிதருக்குக் கெட்ட குணம் என்று வேறெதுவும் கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை, கை நீட்டுகிற பழக்கமும் இல்லை. எப்போதும் தான்தான் சரி என்கிற இந்த ஒன்று போதாதா, ஒரு பெண்டாட்டியைப் பாடாய்ப்படுத்த?

காலையில் மற்றவர்களைப் போலப் பால்மரம் சீவுவார். மாலையில் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக் கடைசியில் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த சிறிய கோயிலில் பதினான்கு கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பார். சிரம்பானிலிருந்து சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். இடைப்பட்ட நாளெல்லாம் அந்தோணிதாஸின் ராஜ்யம்தான்.

1934இல் சாமியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். அது ஜுபிலி ஆண்டு, பரிசுத்த ஆண்டு. ரோமாபுரிக்குப் போக முடியாதவர்களும் உள்ளூரிலேயே திருயாத்திரை செய்து பலன் பெறலாம் என்று பாப்பரசர் அந்த ஆண்டை உலகம் முழுவதற்கும் நீட்டித்திருக்கிறார். நீங்கள் மலாக்காவுக்குப் போங்கள் என்றார் சாமியார். மலாக்காவில் என்ன இருக்கிறது என்று தமிழ்க் கத்தோலிக்கருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. புனிதர் சவேரியார் நடந்த ஊர் அது. சீனக் கடலோரத்தில் செத்துப்போனவரின் உடலைக் கொண்டுவந்து, கோவாவுக்கு எடுத்துப் போகும் வரை ஒன்பது மாதம் மலையுச்சிக் கோயிலில் புதைத்து வைத்திருந்தார்கள். கோயிலுக்கு இப்போது கூரை இல்லை. குழி மட்டும் இருக்கிறது.

அந்த வருஷந்தான் அந்தோணிதாஸின் ஒரே மகள் ஃபிளோரா டைபாய்டு காய்ச்சலில் விழுந்தாள். வயது ஏழு. பன்னிரண்டு நாள் கண் திறக்கவில்லை. தாய் எல்சி, பிள்ளையின் தலையில் கை வைத்து நேர்ந்துகொண்டாள்: இவள் பிழைத்தால், பெரிய வெள்ளிக்கிழமையன்று கால்நடையாக மலாக்காவுக்குக் கூட்டிப் போய் சவேரியார் குழியில் மண்டியிட வைக்கிறேன். பதின்மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டது.

நேர்ச்சையைத் தீர்க்கவிடாமல் குறுக்கே நின்றது வேறு யாருமில்லை, அந்தோணிதாஸ்தான். ஏசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று உபதேசியார் ஊரில் இல்லாவிட்டால் சிலுவைப் பாதையை யார் நடத்துவது? மனைவியையும் மகளையும் மட்டும் அனுப்பவும் மனம் வரவில்லை. “சவேரியாரு எங்கயும் ஓடிப் போயிட மாட்டாரு. அடுத்த வருஷம் போலாம்,” என்றார். ஜுபிலி முடிந்தது. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று எட்டு வருஷம் ஓடிப்போயிற்று. பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் வரும்போதெல்லாம் எல்சி கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு நல்ல காரணம் வைத்திருந்தார்.

அப்புறம் சப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரைமார் ஓடினார்கள். அரிசி போயிற்று, மரவள்ளிக்கிழங்கு வந்தது. மருந்து மட்டும் போனது போனதுதான். 1942 நவம்பரில் ஃபிளோராவுக்கு மலேரியா கண்டது. பதினைந்து வயதுப் பெண், தாயைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொய்னா மாத்திரை இல்லை என்று கை விரித்துவிட்டார்கள். நாலாம் நாள் எல்சி, “சிரம்பானுக்குப் போயி சாமியார கூட்டிட்டு வாங்க. புள்ளைக்கு அவஸ்தையாச்சும் பூசட்டும்,” என்று கெஞ்சினாள். சப்பான்காரனிடம் பயணப் பாஸ் வாங்காமல் எங்கே போவது, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைச் செபம் தனக்கே மனப்பாடம் என்றார் அந்தோணிதாஸ். ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லவும் சொன்னார். ஐந்தாம் நாள் விடியும்போது பிள்ளை போய்விட்டாள்.

குழி மூடியதும் எல்சி அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

“நேர்ச்சைய தீர்க்காம விட்டமே, அதனாலதான?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல,” என்றார் அந்தோணிதாஸ். “எல்லாம் தேவ சித்தம்.”

அவர் சொன்னது வேதப்படி சரியாகவே இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்த நேரத்தில் சரியாக இருந்து என்ன பயன்? அன்றிலிருந்து எல்சி அவரோடு பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், பக்கத்து மர வரிசையில் பால் வெட்டினாள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், அடுத்த வீட்டுச் செல்லம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வாள். செல்லம்மா நாற்பது வயது விதவை, மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவள். அந்தோணிதாஸ் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். “அக்கா, கிழங்கு வெந்துருச்சு, அவங்கள சாப்புடச் சொல்லுங்க,” என்பாள் எல்சி. “உபதேசியாரே, கிழங்கு வெந்துருச்சாம்,” என்பாள் செல்லம்மா. முதலில் லயத்தில் சிரித்தார்கள். ஒரு மாதம் போனதும் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

அந்தோணிதாஸ் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தார். வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: செய்ய வேண்டியதைச் செய்து காட்டுவது. இந்தப் பெரிய வெள்ளிக்கு என்ன ஆனாலும் எல்சியை மலாக்காவுக்கு அழைத்துப் போவது என்று முடிவு கட்டினார். நேர்ச்சையைத் தீர்த்துவிட்டால் அவள் பேசுவாள். பேசாவிட்டால் அந்த வீட்டில் இனித் தன்னால் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் பெரிய வெள்ளி எப்போது?

சப்பான் சண்டைக்கு முன்னால் ஒவ்வொரு டிசம்பரிலும் மிஷன் காலண்டர் தபாலில் வந்துவிடும். தவசு தொடங்கும் விபூதிப் புதன் எது, பாஸ்கு என்கிற ஈஸ்டர் ஞாயிறு எது என்று அச்சிட்டிருக்கும். இப்போது ஆபீஸ் சுவரில் சப்பான் காலண்டர்தான் தொங்கியது. வருஷம் 2603 என்று போட்டிருந்தது. மாதம் உண்டு, தேதி உண்டு, ஞாயிறு உண்டு. திருநாள் இல்லை. சாமியாரையும் பத்து மாதமாகக் காணோம்.

அந்தோணிதாஸ் அசரவில்லை. முன்பொரு சாமியார் சொல்லிக் கொடுத்த கணக்கு அவருக்கு நினைவிருந்தது. மார்ச் இருபத்தொன்றிலோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு பாஸ்கு. அவ்வளவுதான். பௌர்ணமிக்கு என்ன செய்வது? மாரியம்மன் கோயில் பூசாரி முருகையாவிடம் போனார். முருகையாவுக்கும் பஞ்சாங்கம் வரவில்லை. வானத்தைப் பார்த்துத்தான் திதி கணித்துக்கொண்டிருந்தார்.

“தை பௌர்ணமி போன வியாழன் வந்துச்சு உபதேசியாரே. அதுலேருந்து எண்ணுங்க. பங்குனி பௌர்ணமி மார்ச் இருபத்தொன்னு ராத்திரி, இல்லேன்னா இருபத்திரெண்டு. அதுக்கு மேல தாண்டாது.”

“அடிச்சு சொல்றீங்களா பூசாரி?”

“எங்களுக்கும் அன்னைக்குத்தானே உத்தரம்!”

அப்படியானால் பாஸ்கு மார்ச் இருபத்தெட்டு. பெரிய வெள்ளி இருபத்தாறு. பின்னோக்கி எண்ணி, பிப்ரவரி பத்தாம் தேதி விபூதிப் புதன் என்று அந்தோணிதாஸ் அறிவித்தார். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்து எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசினார். ஒரு வேளைக் கிழங்கில் காலம் தள்ளுகிறவர்கள் அதிலும் பாதியைக் குறைத்துத் தவசு காத்தார்கள். பங்குனி நிலா சொன்னபடி இருபத்தொன்றாம் தேதி முழுசாக எழும்பியது. அந்தோணிதாஸ் கோயில் வாசலில் நின்று அதைப் பார்த்த பார்வையில், தாம் வரச் சொல்லித்தான் நிலா வந்தது போல ஒரு தோரணை இருந்தது.

ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் காலைப் பிடித்து மூன்று பேருக்கு நாலு நாள் பாஸ் வாங்கினார். மூன்றாவது ஆள் செல்லம்மா. அவள் வராமல் இவர்கள் இருவரும் இருபத்தெட்டுக் கட்டை தூரம் எப்படிப் போவார்கள்? மைல்கல்லை அங்கே கட்டை என்பார்கள். ஒரு கட்டைக்கு ஒரு வார்த்தையாவது தேவைப்படாதா? “சவேரியாரும் எனக்குச் சாமிதான்,” என்று செல்லம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். கோயிலில் சிலுவைப் பாதையை நடத்தும் பொறுப்பு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அலெக்சாண்டரிடம் போயிற்று.

வியாழன் விடிவதற்குள் புறப்பட்டார்கள். ரயிலில் சாதாரண ஜனங்களுக்கு இடம் கிடையாது. தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையே உள்ள தண்டவாளத்தையே பிடுங்கி எங்கோ கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சாக இருந்தது. ரோட்டோரமாகவே நடந்தார்கள். அந்தோணிதாஸ் முன்னால், பத்தடி பின்னால் செல்லம்மா, அவளுக்கும் பின்னால் எல்சி. காவல் நின்ற இடங்களில் சப்பான் சிப்பாய்க்கு இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, பாஸைக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். எல்சியின் பாதம் மத்தியானத்துக்குள் கொப்பளித்துவிட்டது.

“செல்லம்மா, கால்ல துணி சுத்திக்கச் சொல்லு,” என்றார் அந்தோணிதாஸ், திரும்பாமல்.

“அக்கா, என் கால எனக்குப் பாத்துக்கத் தெரியும்னு சொல்லுங்க.”

“ரெண்டு பேரும் என்னைய என்னா தபால்காரின்னு நெனச்சிட்டீங்களா?” செல்லம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “எனக்கும் கால் வலிக்குதுலா.”

அன்றிரவு அலோர்காஜாவில் ஒரு கோயில் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் மலாக்கா ஊர் தெரிந்தது. ஓட்டுக் கூரைகளும், அதற்கு மேலே கோயில் கோபுரங்களும், அதற்கும் பின்னால் கடலும். அந்தோணிதாஸ் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். எட்டு வருஷம் தள்ளிப்போட்ட ஊர். அப்போதுதான் மணி அடித்தது.

கணீர் கணீரென்று, மூன்று மூன்றாக, மத்தியானத் திரிகால மணி. எல்சி நின்றுவிட்டாள். பெரிய வியாழன் பூசையில் ஓய்கிற கோயில் மணி பாஸ்கு வரை வாய் திறக்காது. பெரிய வெள்ளியில் மரத்தட்டுச் சத்தம்தான் கேட்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“அக்கா, பெரிய வெள்ளிக்கெழமயில மணி அடிக்குமான்னு கேளுங்க.”

செல்லம்மா கேட்கவில்லை. அந்தோணிதாஸே பதில் சொன்னார். “அது சப்பான்காரன் ஆபீஸ் மணியா இருக்கும்.” சொல்லிவிட்டு நடையை விரைவுபடுத்தினார்.

தமிழர்கள் பூசை காணும் கோயில் ஆற்றின் பக்கம் இருந்தது. வாசலில் கூட்டமில்லை. உள்ளே நாலைந்து கிழவிகள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். சுரூபங்களின்மேல் ஊதாத் துணி போர்த்தவில்லை. பீடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய வெள்ளியில் நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாகக் கிடக்க வேண்டும். விளக்கு எரியவே கூடாது. அந்தோணிதாஸ் பெண்களை வாசலில் நிறுத்திவிட்டு, பின்னறையில் இருந்த வயதான சாமியாரிடம் போனார். தமிழ் தெரிந்தவர், காய்ச்சலில் மெலிந்தவர்.

“சாமி, இன்னைக்கு...” என்று தொடங்கி, தாம் போட்ட கணக்கைச் சொன்னார்.

சாமியார் கேட்டு முடித்ததும் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். இந்த வருஷம் பாஸ்கு ஏப்ரல் இருபத்தைந்து, அதைவிடப் பிந்தி வரவே முடியாது என்றார். திருச்சபை வானத்து நிலாவைப் பார்ப்பதில்லை. எந்த வருஷத்தில் எந்தத் தேதி என்று எப்போதோ எழுதிவைத்த ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. அந்த அட்டவணைப்படி இந்த மாதத்துப் பௌர்ணமி மார்ச் இருபது. ஒரு நாள் முந்திவிட்டதால் அது கணக்கில் சேராது, அடுத்த மாதத்துப் பௌர்ணமிதான் சேரும்.

“ஒரு நாள்தான் வித்தியாசம்,” என்றார் சாமியார். “காலண்டர் இல்லாம இவ்வளவு கிட்ட வந்ததே பெருசு.”

ஒரு நாள் பிசகியதில் ஒரு மாதம் போயிற்று. பதினான்கு குடும்பம் தன் பேச்சை நம்பிப் பட்டினி கிடந்தது. இந்த நேரம் அலெக்சாண்டர் அங்கே சிலுவைப் பாதையைப் படித்துக்கொண்டிருப்பான், பெண்கள் மாரில் அடித்து அழுதுகொண்டிருப்பார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். இருபத்தெட்டுக் கட்டை நடந்து, கொப்பளித்த காலோடு வாசலில் நிற்கிறவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? இன்னொரு பாஸ் கிடைக்காது. சாமியார் அவருடைய பாவசங்கீர்த்தனம் கேட்டார், மூவருக்கும் தம் பங்குக் கிழங்கைக் கொடுத்தார். அந்தோணிதாஸ் தம் துண்டைச் செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மலையேறும்போது செல்லம்மா மெதுவாக அவர் பக்கத்தில் வந்தாள். அவர் முகத்தில் ஈயாடாததைப் பார்த்தே விஷயத்தை ஊகித்துவிட்டாள்.

“தேதி தப்பா?”

அவர் தலையாட்டினார்.

“அவகிட்ட சொல்லாதீங்க. சப்பான்காரன் தடை போட்டுட்டான், அதனாலதான் திருநாள் இல்லைன்னு சொல்லுங்க. மணியும் அவன் அடிக்கச் சொன்னதுன்னு நானே சொல்றேன். யாரு கண்டா?”

நல்ல யோசனைதான். யாரும் சந்தேகப்படாத பொய். அந்தக் காலத்தில் எல்லாக் கேட்டுக்கும் சப்பான்காரன் மேல் பழி போடலாம், பாதிக்கு மேல் உண்மையாகவும் இருக்கும். எல்சி நேர்ச்சையைத் தீர்த்த நிம்மதியோடு வீடு திரும்புவாள். தப்பே நேராத உபதேசியார் தப்பே நேராதவராக இருந்துகொள்ளலாம். ஏறுகிற வழியெல்லாம் அந்தோணிதாஸ் அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு தட்டுத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

மேலே சுவர்கள் மட்டும் நின்றன. கூரை இருந்த இடத்தில் வானம். உள்ளே சுவரோரமாக மார்பளவு உயரக் கல்லறைப் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில், தரையில், ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் குழி. எல்சி அதன் விளிம்பில் மண்டியிட்டாள். பக்கத்தில் இன்னொருத்தி மண்டியிட இடம் விட்டு மண்டியிட்டாள். அந்த இடம் யாருக்கென்று அந்தோணிதாஸுக்குத் தெரிந்தது.

எல்சி தலை நிமிராமல் பேசினாள்.

“அக்கா, இன்னைக்குப் பெரிய வெள்ளிக்கெழமதானான்னு கேட்டுச் சொல்லுங்க. நான் அந்த நாளுன்னு சொல்லித்தான் நேந்துகிட்டேன். புள்ளைக்கு அதுலயும் கொற வச்சிடக் கூடாது.”

செல்லம்மா அந்தோணிதாஸைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார்.

“இல்ல,” என்றார். “இன்னைக்கு இல்ல, எல்சி. அடுத்த மாசம். நான் தப்பா எண்ணிட்டேன்.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. ஐம்பது வருஷமாக அடைத்து வைத்திருந்த மதகு அது.

“தப்பு எம்மேல. முருகையா நிலாவத்தான் சொன்னாரு, கணக்குப் போட்டது நான். அன்னைக்கும் என் தப்புதான். நீ வருஷா வருஷம் கேட்ட, நாந்தான் தள்ளிப் போட்டேன். சாமியார கூட்டிட்டு வாங்கன்னு கையெடுத்துக் கும்பிட்ட, நாந்தான் போவல. பயமா இருந்துச்சு எல்சி. பாஸ் இல்லாம ரோட்டுல போறதுக்குப் பயந்துகிட்டு, செபம் தெரியும் செபம் தெரியும்னு உக்காந்திருந்தேன். குழியடியில நீ கேட்டப்ப அத ஒத்துக்க முடியாமத்தான் தேவ சித்தம்னு சொன்னேன்.”

அவர் குழியின் மறுபக்கம் உட்கார்ந்துவிட்டார். தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை.

எல்சி எழுந்து வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இத சொல்றதுக்கு உங்களுக்கு இம்புட்டு தூரம் நடக்கணுமா?” என்று கேட்டாள். “நம்ம வீட்டு வாசல்ல சொல்லியிருக்கலாம்ல?”

கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் நேராக அவரைக் கேட்டாள். செல்லம்மா மெல்ல நழுவி, சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதற்கு மேல் அங்கே வேலை இருக்கவில்லை.

ஞாயிறு முற்பகல் தோட்டத்துக்குத் திரும்பியபோது கோயிலில் எல்லாரும் காத்திருந்தார்கள். இருப்பதில் நல்ல துணியைத் துவைத்துக் கட்டியிருந்தார்கள். பாஸ்குக்கென்று வீட்டுக்கு ஒரு பிடியாகச் சேர்த்த அரிசி ஒரு குண்டான் இருந்தது. அந்தோணிதாஸ் புழுதிக் காலோடு முன்னால் போய் நின்று, இன்று பாஸ்கு இல்லை, தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்றார். மன்னித்துக்கொள்ளச் சொன்னார். தேதி தப்பியதைவிட, உபதேசியார் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததுதான் அவர்களுக்கு நம்ப முடியாமல் இருந்தது.

“அப்போ இன்னும் நாலு வாரம் தவசாண்ணே?” என்று கேட்டான் அலெக்சாண்டர்.

“நாம திங்கிற ஊபிக் கெழங்குக்குத் தவசுன்னு வேற ஒரு பேரு வேணுமாலா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். குபீரென்று சிரிப்பு எழும்பியது. அந்தோணிதாஸும் சிரித்தார்.

“ஞாயித்துக்கெழமைக்குத் தவசு கெடையாது,” என்றாள் எல்சி. “அரிசிய ஒலையில போடுங்க.”

அதன் பிறகு வந்த மூன்று வாரம் அவர்கள் இருவரும் பேசினார்கள். பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, கிழங்கை உரித்துக்கொண்டே பேசினார்கள். பெரும்பாலும் பிள்ளையைப் பற்றித்தான். ஃபிளோராவுக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பது அந்தோணிதாஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. செபத்தில் தப்பு விட்டால் அப்பா திட்டுவாரே என்று பாயில் படுத்துக்கொண்டு ரகசியமாகச் சொல்லிப் பார்ப்பாளாம். அதைக் கேட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, “இன்னும் சொல்லு,” என்றார். செல்லம்மா தன் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தபால் வேலை போனதில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

ஏப்ரல் பதினேழு, சனிக்கிழமை. ஆள்கணக்கு எடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது இரண்டு லாரிகள் நின்றுகொண்டிருந்தன. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். கங்காணி பெயர் கூப்பிட முப்பத்தொரு பேர் ஏறினார்கள். அலெக்சாண்டர் ஏறினான். அந்தோணிதாஸும் ஏறினார். எல்சி ஓடிவந்தபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அவள் தலையில் கை வைத்து, “நாளைக்குக் குருத்து ஞாயிறு. வெள்ளிக்கெழம சிலுவைப் பாதைய நீ படி. தப்பு வந்தா வரட்டும், நிறுத்தாத,” என்றார். “பத்தரமா போய்ட்டு வாங்க,” என்றாள் அவள். “கால்ல ஈரம் ஆவாம பாத்துக்குங்க.”

அவர் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து வந்த மூன்று பேரில் ஒருவர், ஆகஸ்டில் பேதி கண்டு அவர் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எல்சிக்கு அது தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை உண்மையான பெரிய வெள்ளி. கோயிலில் பெண்களும் கிழவர்களும்தான் இருந்தார்கள். எல்சி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி, பதினான்கு ஸ்தலங்களையும் படித்தாள். நிறைய தப்பு வந்தது. நிறுத்தவில்லை. முடிந்து வெளியே வந்தபோது வாசலில் பூசாரி முருகையா நின்றிருந்தார். அவருடைய மகனும் அதே லாரியில் போயிருந்தான்.

“எம்மேலயும் குத்தம் இருக்கும்மா,” என்றார் முருகையா. “நிலாவ நாந்தான் சொன்னேன். பாவம், அத்தன தூரம் நடந்தும் தப்பான நாளாப் போச்சே. சரியா எண்ணியிருந்தா இன்னைக்கு ரெண்டு பேரும் மலாக்காவுல இருந்திருப்பீங்க.”

எல்சி புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“சரியா எண்ணியிருந்தா நாங்க நேத்துத்தான் கெளம்பியிருக்கணும், பூசாரியாரே,” என்றாள். “லாரி அதுக்கு முந்தியே வந்துடுச்சு. அவங்க மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசாமலே நான் ஏத்தி விட்டிருப்பேன்.”